தலைக்கு மேலே கை நீட்டும்போது

ஃபிஜியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தேன். பிரிஸ்பேனில் அண்ணன் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலியான தேநீர்க் கோப்பைகளை எடுக்க நான் அவர்களுக்குக் குறுக்கே போக வேண்டியிருந்தது. குனிந்து, வலது கையைத் தரைப் பக்கம் தாழ்த்தி, "துலோ, துலோ" என்று சொல்லிக்கொண்டே போனேன். அண்ணன் மகள் சிரித்துவிட்டாள்.

"புவா, கீழே என்ன தொலைச்சீங்க?" என்று இந்தியில் கேட்டாள். நான் அவளுக்கு அத்தை. ஃபிஜியில் பேசும் இந்தியில் அத்தைக்குப் புவா என்று பெயர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான் வாயில் வரும்.

"ஒண்ணும் தொலைக்கல. உங்க முன்னாடி நடக்கிறேன் இல்லையா, அதுக்காக."

"துலோன்னா என்ன அர்த்தம்?"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் உன் அடிமைன்னு அர்த்தம்" என்றான். மகளுக்குப் புரியக் கூடாது என்று அதைத் தமிழில் சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் "எக்ஸ்க்யூஸ் மீ மாதிரி" என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அந்த ஊரில் குழாயைத் திறந்ததும் வெந்நீர் வருகிறது. கையை அதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வார்த்தையை எப்போது சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை. அது எங்கள் வார்த்தை கிடையாது. காய்வீத்தி என்று நாங்கள் சொல்லும் அந்த மண்ணின் மக்களுடையது. உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது சொல்ல வேண்டும். குனிந்து சொல்ல வேண்டும். நிமிர்ந்து நின்று சொன்னால் சொன்னதாக ஆகாது. யாருடைய தலைக்கு மேலேயாவது கையை நீட்டி ஒரு சாமானை எடுக்கப் போகிறோம் என்றாலும் முதலில் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தலை பெரிய விஷயம். இன்னொருவர் தலைக்கு மேலே நம் கை சும்மா போகக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் "வினாக்கா" என்பார். நல்லது, நன்றி, இரண்டுக்கும் அதுதான். எங்கள் பக்கத்தில் அந்தப் பதில் வந்த பிறகுதான் கை நீளும்.

எங்கள் கரும்புத் தோட்டம் ஃபிஜியில் லம்பாசா நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது. நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த காய்வீத்தி கிராமத்தாருடையது. தாத்தா காலத்திலிருந்து குத்தகை. அப்பா சின்ன வயதிலேயே அந்தக் கிராமத்துக்குப் போய் வந்து பழகியவர். அங்கே கற்றுக்கொண்டதை எங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மேலே இருக்கும் உப்பு டின்னை எடுக்க வேண்டுமென்றால் அதற்கும் துலோ சொல்லுவார்.

"இன்னாய்யா, என்கிட்ட கூடவா?" என்று அம்மா சிரிப்பாள்.

"உன்னுது மட்டும் தல இல்லியா?"

"தலதான். உள்ள ஒண்ணும் இல்லன்னு நேத்து நீதான சொன்ன."

அப்பா குனிந்தபடியே நிற்பார். அம்மா வினாக்கா சொல்லும்வரை உப்பு டின்னைத் தொட மாட்டார். அண்ணனும் நானும் அப்படியே வளர்ந்தோம். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. நான் பொதுவாக வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. கூட்டத்தில் நான் சத்தமாகச் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அதுதான் என்று கூடச் சொல்லலாம்.

எண்பத்தேழில் முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அண்ணன் லம்பாசாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பஸ்ஸை வழியில் நிறுத்தி ராணுவத்தார், எல்லோரும் காய்வீத்திகள், ஏறியிருக்கிறார்கள். மேலே பலகையில் வைத்திருந்த மூட்டைகளை ஒருவன் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். யாரையும் அடிக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அப்பா முன்னால் நின்றான்.

"எல்லார் தல மேலயும் கைய வுட்டான். துலோ சொல்லல."

"டூட்டில இருந்திருப்பான்" என்றார் அப்பா.

"டூட்டில இருந்தா சொல்ல வேணாமா?"

"துப்பாக்கிய வெச்சிகிட்டு எப்படிடா குனிவான்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டான். வீட்டில் நேராக நடந்தான். சாப்பிடும்போது அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ச் செம்பை எடுக்க அவர் தலையைத் தாண்டிக் கையை நீட்டுவான். அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார்.

அம்மா அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு இறந்துபோனாள். அண்ணன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தான்; கல்யாணம் செய்துகொண்டு லம்பாசா டவுனில், நசியாவில், வாடகைக்குப் போனான். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் வாயைத் திறக்காமல் நின்றதும் ஒரு காரணம். அப்பாவும் நானும் தோட்டத்து வீட்டில் இருந்தோம். மரச் சுவர், தகரக் கூரை, பின்னால் துவரைச் செடிகள். அந்த வீட்டில் என்னைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் காய்வீத்தி ஆட்கள் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, எங்களைப் போல இந்திய வம்சத்தில் வந்த பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்தார்கள். அதை வானொலியில்தான் கேட்டோம். எங்கள் வானொலி, அப்பா உட்காரும் இடத்துக்கு நேர் மேலே பலகையில் இருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு செப்புக் கம்பியை எடுத்து, சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, சுவர் ஆணி ஒவ்வொன்றிலும் சுற்றி ஜன்னல்வரை அப்பா இழுத்திருந்தார். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்திலும் தோட்டங்களில் மாடு பிடித்துப் போகிறார்கள், சட்டி பானை எடுத்துப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அண்ணன் எங்களை நசியாவுக்கு வரச் சொன்னான். அப்பா கரும்பை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார்.

அவர்கள் வந்தது பகலில். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா பாயில் உட்கார்ந்து துவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். காய்வீத்தி இளைஞர்கள் நாலைந்து பேர், கையில் கரும்பு வெட்டும் கத்தி. வெளியே கோழிகளைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஒருவன் என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்ப் பெரிய பாத்திரங்களை எடுத்தான். எனக்கு என்ன தோன்றியது என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை. பாத்திரத்தில் மீதி இருந்த பருப்பை அவன் எதில் கொட்டுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல் வரிசையில் ஒரு பல் இல்லாத ஒருவன் அப்பா இருந்த அறைக்குள் வந்தான். பலகையில் வானொலியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கத்தியைச் சுவரோரமாக வைத்தான். பிறகு குனிந்து, "துலோ" என்றான்.

"வினாக்கா" என்றார் அப்பா.

அவன் அப்பா தலைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டி வானொலியைத் தூக்கினான். கம்பி வரவில்லை. அவன் இழுத்துப் பார்த்தான். அறுத்திருக்கலாம், கத்தி பக்கத்தில்தான் இருந்தது. அறுக்கவில்லை. ஆணி ஆணியாகக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தான். அவன் வயிறு அப்பாவின் நெற்றியில் இடிக்கிற மாதிரி இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் உரித்த காய் அப்படியே இருந்தது. அவன் அடுத்த ஆணிக்குப் போகும்போது மறுபடியும் துலோ சொன்னான். அப்பா மறுபடியும் வினாக்கா சொன்னார். ஓரிடத்தில் முடிச்சு அவிழவில்லை. அவன் அதோடு போராடிக்கொண்டிருந்தான். அப்பா தலையைத் தூக்காமலே, இந்தியில், "அது பலகைக்குப் பின்னால் இருக்கு, அந்தப் பக்கம் கை விட்டுப் பாரு" என்றார்.

அவன் கையை விட்டுப் பார்த்தான். முடிச்சு அவிழ்ந்தது. கம்பியைச் சுருட்டி வானொலிமேல் வைத்து, கத்தியை எடுத்துக்கொண்டு, குனிந்தபடியே வெளியே போனான்.

அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்து அப்பாவோடு துவரைக்காய் உரித்தேன். வேக வைக்கப் பெரிய பாத்திரம் இல்லை என்பது எல்லாவற்றையும் உரித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். நடந்ததை அப்பாவே சொன்னார். ஒன்றையும் விடவில்லை. முடிச்சையும் சொன்னார்.

"நீ இன்னா சொன்ன அவன்கிட்ட?"

"வினாக்கான்னேன்."

"ஊட்ட கொள்ளையடிக்க வந்தவனுக்கு தேங்க்ஸ் சொன்னியா?"

"அவன் கேட்டான்ல."

"அவன் கேட்டான், நீ குடுத்துட்ட. நாளைக்கி இவள கேட்டா?"

என்னைக் காட்டித்தான் சொன்னான். அப்பா துவரைத் தோலைக் கூட்டி அள்ளினார். பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "நான் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அடுத்த கரும்போட குத்தகயும் முடியுது. இனிமே இங்க இன்னா இருக்கு? நான் போயி நின்னதும் உங்க ரெண்டு பேரயும் கூப்புட்டுக்கறேன்."

"குத்தகய திருப்பிக் கேக்கலாம்" என்றார் அப்பா. "கரும்பு நெலம் குடுக்கலன்னாலும் ஊட்டு மனையாவது குடுப்பாரு. துராங்கா என்னெ தெரியாதவரா?"

துராங்கா என்றால் பெரியவர், தலைவர். அந்தக் கிராமத்துப் பெரியவரை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். அப்பாவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஆற்றில் ஒன்றாகக் குளித்தவர்கள்.

"மறுபடியும் அங்க போயி குனியணுமா?"

"அவுங்க ஊட்ல அவுங்களும்தான் குனியறாங்க."

"அவுங்க குனிஞ்சிட்டு நிமிந்துக்கறாங்க. நீ நிமிர மாட்டேங்கறியே."

அண்ணன் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். நான் இரண்டு பேருக்கும் தேநீர் கொடுத்தேன். எனக்கும் கேட்கத் தோன்றியது. ஆஸ்திரேலியாவுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமா, கல்யாணமாகாத தங்கையை அந்த ஊர்க்காரர்கள் விடுவார்களா என்று. கேட்கவில்லை. வீடு போனால் நான் எங்கே இருப்பேன் என்பதுதான் கேள்வி என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கலவரம் அடங்கிய பிறகு, அடுத்த கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன்பாக, அப்பா கிராமத்துக்குப் புறப்பட்டார். அண்ணன் வர மறுத்துவிட்டான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் இருக்கப்போவது யார் என்று அவர்கள் பார்க்கட்டும் என்றார். லம்பாசா சந்தையில் வாங்கிய நங்கோனா வேர்க்கட்டு இரண்டைச் சுமந்துகொண்டு போனோம். நங்கோனா என்பது இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வேர். அது இல்லாமல் அங்கே யாரிடமும் எதுவும் பேச முடியாது. ஒரு கட்டு வீட்டுக்குள் வருவதற்கு. இன்னொன்று கேட்க வந்ததைக் கேட்பதற்கு. அதை அவர் எடுத்துக்கொண்டால் சம்மதம்.

உள்ளே பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா குனிந்து துலோ, துலோ என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் பின்னால் அப்படியே போய், கதவோரமாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கட்டை அப்பா முன்னால் வைத்தார். துராங்கா அதை எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையைக் குவித்துத் தட்டினார். எல்லோரும் தட்டினோம். பிறகு அப்பா இரண்டாவது கட்டை வைத்தார். நிலம் கேட்டார். நிலம் இல்லாவிட்டாலும் வீட்டு மனையைக் கேட்டார். "என் பொண்ணு இங்கேயே இருக்கும். அதுக்கு வேற இடம் இல்லை" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துராங்கா இரண்டாவது கட்டைப் பார்த்தார். அவரும் லம்பாசா இந்தி நன்றாகப் பேசுவார்; அப்பாவை அதில் பையா, சகோதரா, என்றுதான் கூப்பிடுவார்.

"பையா, எங்க பிள்ளைங்க பெரிசாயிட்டாங்க" என்றார். "அவங்க கேக்கறாங்க. தாத்தா நெலத்தில எங்களுக்கு எது, எது? நான் இன்னா சொல்றது?"

"நெலம் உங்களுதுதான்" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதனாலதான் சொல்லக் கஷ்டமா இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு இரண்டாவது கட்டின்மேல் கையை வைத்தார். தூக்கவில்லை. பாயின்மேல் அதை மெதுவாக அப்பா பக்கம் தள்ளினார். தள்ளும்போது தலையைக் குனிந்து "துலோ" என்றார்.

அப்பா வினாக்கா என்றார்.

அவ்வளவுதான். கரும்பை வெட்டி முடிக்கும்வரை இருக்கலாம், வீட்டுச் சாமான், மரம், தகரம் எல்லாம் எங்களுடையது, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். முதல் கட்டைக் கரைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அப்பாவுக்குத்தான் முதல் கிண்ணம். எழுந்து வரும்போது ஒரு பெண் எனக்கு மரவள்ளிக் கிழங்கு கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் நான் கிழங்கையும் அப்பா அந்த இரண்டாவது கட்டையும் சுமந்து வந்தோம். ஆற்றுப் பாலத்தில் அப்பா, "கெழங்கு நல்லா இருக்கும் போலக்குது" என்றார். ராத்திரிக்கு அதைத்தான் வேக வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு விசா வந்தது. போவதற்கு முன் எங்களுக்காக நகாசியில் ஒரு சின்ன மனைத்துண்டு பார்த்துக் கொடுத்தான். வேறு தீவு அது; சுவாவுக்கும் நவுசோரிக்கும் நடுவில், எங்களை மாதிரி தோட்டம் விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். கப்பலில் மரத்தையும் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே அதே வீட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்றான். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "சீக்கிரம் கூப்புட்டுக்கறேன்" என்றான். என்னிடம், "அவர பாத்துக்கோ" என்றான்.

வீடு பிரிக்கிற நாள் கிராமத்திலிருந்தே ஆள் வந்தது. துராங்கா அனுப்பியிருந்தார். கூலி வேண்டாம் என்றார்கள். அப்பா திரும்பி வந்த நங்கோனாக் கட்டை எடுத்து இடித்துக் கரைத்து வாளியில் வைத்தார். அவர்கள் குடித்துவிட்டு ஏணியைச் சாத்தினார்கள். நான் கடைசிப் பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேலை ஒன்றும் இல்லை. எப்போதும் உட்காருகிற இடத்தில், பலகைக்குக் கீழே, போய் உட்கார்ந்துகொண்டார். பாய் சுருட்டியாகிவிட்டது. வெறும் பலகைத் தரையில் உட்கார்ந்தார்.

மேலே ஆணி பிடுங்கும் சத்தம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஓரத்துத் தகரங்கள் போயின. வீட்டுக்குள் வெயில் பட்டைப் பட்டையாக விழுந்தது. அப்பாவுக்கு நேர் மேலே இருந்த தகரத்துக்கு வந்தபோது சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். தகரத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடைவெளி வழியாக ஒருவன் கீழே பார்த்தான். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. அவன் கண் அப்பாவைப் பார்த்தது, காலியான பலகையைப் பார்த்தது, சுவரில் வரிசையாக இருந்த ஆணிகளைப் பார்த்தது.

"துலோ" என்றான்.

அப்பா பேசவில்லை. காதில் விழவில்லையோ என்று அவன் இன்னொரு தடவை சொன்னான். அப்பாவுக்கு விழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்கு அப்பா பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கூரைமேல் இருந்த மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் தகரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான். கனம் தாங்காமல் கை மாற்றிப் பிடித்தான். ஆனாலும் இழுக்கவில்லை. பதில் வராமல் இழுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் லாரி துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

"வினாக்கா" என்றேன்.

தகரம் போய்விட்டது. அப்பா தலையில் வெயில் அடித்தது. அவர் கையால் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, வாசல் வழியாக வெளியே போய், நிமிர்ந்து நின்றார். நான் பாத்திர மூட்டையின் முடிச்சை இறுக்கினேன்.

நகாசியில் அந்தத் தகரங்களை எந்த வரிசையில் அடித்தார்கள் என்று தெரியவில்லை. பழைய ஆணி ஓட்டைகளில் தார் அடைத்திருந்தோம், இருந்தாலும் மழைக்கு இரண்டு மூன்று இடத்தில் சொட்டும். அண்ணன் கூப்பிட்டபோது அப்பா போகவில்லை. அந்த வீட்டில்தான் இறந்தார். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மழை வந்தால், அப்பா கட்டில் இருந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைக்கிறேன்.